அடிப்படை ஆள்

தினமும் காலை எட்டேகாலுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பலகையில் ஏறிப் படுப்பேன். நான்கு நிமிடம் அசையக் கூடாது. தலையைச் சுற்றியிருக்கும் வளையம் மெல்ல முனகும். எழுந்து போய்த் திரையைப் பார்த்தால் கறுப்பாக இருக்கும். கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். பதிவேட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். எனக்குப் பின்னால் வார்டு உதவியாளர் சொக்கலிங்கம், எங்களுக்குச் சொக்கண்ணன், படுப்பார். அவருக்கும் கறுப்பு, அவருக்கும் 'சரி'. அதற்கப்புறம்தான் முதல் நோயாளியை உள்ளே விடுவோம். தூங்குவதற்குச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் என்று நர்சுகள் என்னைக் கிண்டல் செய்வார்கள். ஆறு வருடத்தில் ஒரு வேலை நாள்கூட அந்த நான்கு நிமிடத்தை நான் தவறவிட்டதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வம் என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில், அவிநாசி சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் மறுவாழ்வு மருத்துவமனை எங்களுடையது. கை கால் இழந்தவர்கள் வருவார்கள். அவர்களுக்காகத்தான் டாக்டர் ஜெசிந்தா அந்த மெஷினை வரவழைத்தார். அதை இயக்குவது என் வேலை. நம் ஒவ்வொருவரின் மூளையும் தனக்குள் ஒரு உடம்பை வரைந்து வைத்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிவது அதனால்தான். டாக்டர் அதற்கு 'உள்ளுடல்' என்று பெயர் வைத்தார். மெஷின் அதைப் படித்துத் திரையில் வரைந்து காட்டும்.

முதலில் வந்தவர் போத்தனூர் ரயில்வே யார்டில் வலது காலைத் தொடையோடு இழந்தவர். இல்லாத கால் இரண்டு வருடமாக வலிக்கிறது என்றார். திரையில் அவருடைய உள்ளுடல் தெரிந்தது. வலது கால் முழுசாக இருந்தது. கட்டைவிரல் மட்டும் உள்பக்கமாக மடங்கி இறுகிக் கிடந்தது. "அந்த நேரத்துல பூட்ஸு அமுங்குச்சுங்க, அப்படியே நின்னுபோச்சு," என்று சொல்லிவிட்டு அவர் அழுதார். டாக்டர் அவரைத் திரையைப் பார்த்தபடியே அந்த விரலை நீட்டப் பழக்கினார். பதினோராம் நாள் விரல் நிமிர்ந்தது. வலியும் போய்விட்டது. கோயிலுக்கு நான் அதிகம் போவதில்லை. அன்றைக்கு அந்தத் திரைக்கு முன்னால் கைகூப்பிவிட்டேன்.

மூன்றாம் வருடம் இடுப்பெலும்பு முறிந்து மஞ்சரி என்ற திருநங்கை வந்தார். அறுவை சிகிச்சை, ஊசி, மாத்திரை எதுவும் அதுவரை செய்துகொள்ளாதவர். இடுப்பைப் பார்ப்பதற்காக வரைந்தோம். திரையில் ஒரு பெண் படுத்திருந்தார். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இவங்க ஆசைப்படறாங்கன்னுதானே ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கு, ரேணுகா," என்றார். "ஆசை இல்ல. பொறக்கும்போதே உள்ள இருந்திருக்கு. போன கால் எப்படி இருக்கோ அதே மாதிரி, வராத மார்பும் இருக்கு."

நல்லது ஒன்று நடந்தால் அதன் பின்னாலேயே ஒரு படிவம் வந்துவிடும். செய்தி பரவியது, உடலுரிமை வாரியம் என்று ஒன்று முளைத்தது. அதுவரை ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும் சொல்லே போதுமாக இருந்தது. இனி இலவச அறுவை சிகிச்சை வேண்டுமென்றால் உள்ளுடல் சான்று வேண்டும் என்றார்கள். பதிலும் இரண்டே இரண்டு: 'வேறுபாடு உண்டு', 'வேறுபாடு இல்லை'. இல்லை என்று வந்தால் இரண்டு வருடம் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. ஒருவரின் உள்ளுடலை அடுத்தவர் முழுசாகப் பார்ப்பது மானக்கேடு என்பதால், சான்றுக்கு வருகிறவர்களை மெஷின் வரையவும் கூடாது. ஒப்பிட மட்டும் செய்யலாம். பிறப்பில் ஆண் என்று பதிவானவரை ஆண் அடிப்படை ஆளோடும், பெண் என்று பதிவானவரைப் பெண் அடிப்படை ஆளோடும் ஒப்பிட்டு, வாரியம் குறித்திருக்கும் நான்கு இடங்களில் வேறுபாடு இருந்தால் அங்கே வெளிச்சம் காட்டும். இல்லாவிட்டால் கறுப்பு.

ஒன்றரை வருடத்தில் முப்பத்தொரு திருநங்கைகள் சான்று வாங்கிக்கொண்டு போனார்கள். பதினோரு திருநம்பிகள் வந்தார்கள். ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டோம். பதிலும் வைத்திருந்தோம். பெண்களுக்கு இந்த ஊரில் வெளியே போக, நினைத்ததை உடுத்தச் சுதந்திரம் இல்லை, அந்த ஏக்கத்தைச் சிலர் உடம்பின் ஏக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று டாக்டர் ஒரு கட்டுரையே எழுதினார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். நானும் தலையாட்டினேன்.

பன்னிரண்டாவதாக வந்தவர் இளம்பரிதி.

இருபத்தாறு வயது. லிஃப்ட் மெக்கானிக். கம்பெனிச் சட்டையோடு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக வேலையிலிருந்தே வந்திருந்தார். ஒன்பது வருடமாக மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டி, விலா எலும்பில் இரண்டு விரிசல். இனிமேல் கட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது, சான்று மட்டும்தான் பாக்கி.

"கட்டாம வேலைக்குப் போக முடியலைங்க அக்கா. கட்டுனா மூச்சு விட முடியலைங்க," என்றார் பலகையில் படுத்துக்கொண்டே. "ரெண்டுல ஒண்ணுதான் கெடைக்குது. பதினஞ்சாந் தேதிக்கப்புறம் ரெண்டும் கெடச்சுரும்."

நான்கு நிமிடம். திரையைப் பார்த்தேன். எனக்குத் தினமும் காலையில் வரும் அதே கறுப்பு.

இதைச் சொல்வதற்கென்றே நான் ஒரு குரல் வைத்திருக்கிறேன். பதினோரு முறை பழகிய குரல். "இந்த முறை வரலைங்க தம்பி," என்றேன். "ரெண்டு வருசம் கழிச்சு மறுபடி வாங்க."

சிலர் கத்துவார்கள், சிலர் அழுவார்கள். இவர் எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மெஷினின் பின்பக்கம் வரை ஒரு சுற்று நடந்து பார்த்தார். மெக்கானிக் புத்தி.

"இது என்னை எதோட வெச்சுப் பாக்குதுங்க?"

"அடிப்படை ஆளோட. காலைல அவங்களை எடுத்து வெச்சுக்கும். அப்புறம் வர்றவங்ககிட்டருந்து அவங்களைக் கழிச்சுப் பாக்கும். மிச்சம் இருந்தா வெளிச்சம் வரும்."

"கம்பெனிக்காரன் அனுப்புன ஆளுங்களா?"

"அனுப்புனாங்க. ஏதோ குளிர் நாட்டுல நாப்பது ஆம்பளை, நாப்பது பொம்பளையோட சராசரி. நம்மூர் ஆளுங்களுக்கு ஒத்து வரல. நாம வெறுங்காலோட நடக்கறோம், சம்மணம் போட்டு உக்காரறோம், கையில சாப்படறோம். யாரைப் படுக்க வெச்சாலும் பாதமும் விரலும் ஜெகஜ்ஜோதியா எரிஞ்சுது, மத்தது ஒண்ணும் தெரியல. அதனால உள்ளூர்ல ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளைன்னு ரெண்டு பேரைத் தற்காலிகமா வெச்சோம்."

"எத்தனை நாளாத் தற்காலிகமுங்க?"

"ஆறு வருசம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. லிஃப்ட்டு மாட்டறதுக்கு முன்னாடி மேல இருந்து கீழ வரைக்கும் தூக்குக்குண்டு கட்டி விடுவோம். அந்த நூலை வெச்சுத்தான் தண்டவாளம் நிறுத்தறது. நூலு எங்கியாவது செவுத்துல ஒட்டி நின்னுருந்தா பதினாலு மாடியும் கோணையாப் போயிரும். ஆனா அளந்து பாத்தீங்கன்னா எல்லா மாடியும் சரின்னுதான் காட்டும். நூலை வெச்சே அளக்கறோமில்லீங்களா." மெஷினைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பொம்பளை யாருங்க?"

"நாந்தான்."

அவர் முகம் சிறுத்துவிட்டது. "ஐயோ, உங்களைச் சொல்லலீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆறு வருடம் ஒரு நாள் தவறாமல் படுத்தவருக்கு வரும் கோபம். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம், ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்துத் திருச்சிக்குக் காலேஜுக்கு அனுப்பியிருக்கிறேன். என்னைப் போய்ச் சுவரில் ஒட்டிய நூல் என்கிறார். டாக்டர் மதியம் வரை வெளியே போயிருந்தார், சொக்கண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார்.

"வாங்க, காட்டறேன்," என்றேன். "என்னை வரையச் சொல்லிப் பாக்கலாம். இந்தப் பச்சை பட்டனை ஒருக்கா அமுக்கணும். முடியுங்களா?"

"பட்டன் அமுக்கறதுதானுங்க நம்ம தொழிலே," என்றார்.

ஆறு வருடத்தில் நான் என்னை வரைந்து பார்த்ததே இல்லை. நம்பக் கஷ்டம்தான், ஆனால் உண்மை. மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்கள் பிரஷர் பார்த்துக்கொள்வதில்லை, அது போலத்தான். காலையில் மெஷின் நேற்றைய என்னிலிருந்து இன்றைய என்னைக் கழித்துப் பார்க்கும். ஒழுங்காக ஓடுகிறதென்றால் மிச்சம் எதுவும் இருக்காது. அந்தக் கறுப்பை மட்டும்தான் எனக்குத் தெரியும்.

படுத்தேன். வளையம் முனகியது. முனகல் நின்ற பிறகும் அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்லை.

"வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்க." குரல் மாறியிருந்தது. "இது... நீங்க சொன்ன அந்த ஆம்பளையோடதுங்களா? நான் பட்டனை மாத்தி அமுக்கிட்டனா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். திரையின் மேல் மூலையில் ரேணுகாதேவி, வயது நாற்பத்துமூன்று என்று இருந்தது.

மருதமலைப் படிக்கட்டில் இருட்டும் வேளையில் நின்று கீழே பார்த்தால் ஊர் முழுக்க விளக்குகளாகத் தெரியுமே, அப்படிப் புள்ளி புள்ளியாக ஒரு உடம்பு கிடந்தது. விரல் நுனிகளும் உதடும் உள்ளங்காலும் பிரகாசமாக, முதுகு மங்கலாக. தோள் அகலம். மார்பு சமதளம். இடுப்பு வளையாமல் நேராக இறங்கியது. அதற்குக் கீழே, எனக்கு இல்லாத ஒன்று அங்கே இருந்தது. ஒரு கூச்சமும் இல்லாமல், தன் வீட்டில் தான் இருப்பது போல அது படுத்திருந்தது.

நான் அழவில்லை. பயமும் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வந்தது வியப்புதான். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. என் கையைத் தூக்கினேன். தூக்கியது இந்தக் கைதான், ஆனால் தூக்கச் சொன்னது அங்கே கிடக்கும் உடம்பு. நாற்பத்துமூன்று வருடமாக நான் சாப்பிட்டபோது சாப்பிட்டதும், ஓடியபோது ஓடியதும் இவர்தான். ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை. ஒரு நாளும் என்னை விட்டுப் போனதும் இல்லை.

பதின்மூன்று வயதில் உடம்பு வளர ஆரம்பித்தபோது யாரோ தெரியாமல் என் மேல் எதையோ வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. கல்யாண போட்டோவில் என்னைத் தேடிக் கண்டுபிடிக்க இன்றைக்கும் ஒரு நொடி ஆகும். வீட்டில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இருக்கும் சந்தில் நுழையும்போதெல்லாம் மார்பை இடித்துக்கொள்வேன், பதினெட்டு வருடமாக, தினமும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். உடம்பு என்பது வாடகை வீடு மாதிரி, ஆணி அடிப்பதென்றால்கூட யோசிக்க வேண்டும் என்று. சொந்த வீட்டில் வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

"அக்கா, வயித்தைப் பாருங்க," என்றார் பரிதி மெதுவாக.

அடிவயிற்றில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெளிச்சம். வேறு யாரிடமும் நான் பார்த்திராதது. அந்த இடம் எனக்குத் தெரியும். என் மகள் இனியா ஏழாம் மாதத்திலிருந்து உதைத்துக்கொண்டே இருந்த இடம். அந்த உடம்பு அவளையும் சுமந்திருக்கிறது, சுமந்ததை இன்னும் வைத்திருக்கிறது. அப்போதுதான் எனக்குக் கண் கலங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து, "என்னையும் ஒருக்கா வரைவீங்களா? நான் பாத்ததே இல்லைங்க," என்றார்.

விதிப்படி கூடாது. வரைந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவருடையது கொஞ்சம் ஒல்லி, விரல் நுனிகள் என்னுடையதைவிடப் பிரகாசம். மற்றபடி அண்ணன் தம்பி மாதிரி இருந்தோம். அவர் தன்னுடையதன் மார்புக்கு நேராகக் கையைக் கொண்டுபோய்த் திரையைத் தொடாமல் வைத்துக்கொண்டு நின்றார். "மூச்சு விடுதுங்க," என்றார். உண்மையிலேயே அது தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் ஜெசிந்தா வந்தபோது நாங்கள் அப்படித்தான் நின்றிருந்தோம். திட்டத்தான் வாயைத் திறந்தார். திரையைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எவ்வளவு அழகா இருக்கு," என்றார் முதலில். அதற்காக அந்த அம்மாளை நான் எத்தனை விஷயத்துக்கு வேண்டுமானாலும் மன்னிப்பேன். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "பதினோரு பேரு, ரேணுகா."

"பன்னெண்டுங்க டாக்டர். இவரையும் சேத்து."

பரிதி வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே யோசித்தார். "உனக்கு வயசாச்சு, வேற ஆளை மாத்தறோம்னு எழுதிடலாம். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"அப்படி எழுதினா பழசு செல்லும்தானே? இவருக்கு ரெண்டு வருசம், மத்தவங்களுக்கும் அப்படியே."

"செல்லும்." பெருமூச்சு விட்டார். "மெஷின் கோளாறுன்னு எழுதினா பழசு எல்லாம் ரத்தாகும். இவங்க பன்னெண்டு பேரும் மறுபடி வரலாம். ஆனா..."

"அந்த முப்பத்தொரு பேரோட சான்றும் ரத்தாயிரும்."

"அதுல பாதிப் பேருக்கு ஆபரேஷன் முடிஞ்சாச்சு."

மெஷின் ஒழுங்காக இருந்தது, அளந்தது ஒழுங்காக இருந்தது, தப்பு ஒரே ஒரு இடத்தில்தான் என்று சொல்லக்கூடிய காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை என் பேரோடு எழுத வேண்டும். வாரியத்தின் பதிவை யார் கேட்டாலும் காட்டுவார்கள்.

"இதை எழுதுன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லவும் கூடாது," என்றார் டாக்டர். "மூணு நாள் டைம் இருக்கு. அதுக்குள்ள அனுப்பலைன்னா இன்னிக்கு வந்த முடிவே நின்னுடும். நீ எதைச் செஞ்சாலும் என் கட்டுரையை நான் வாபஸ் வாங்கிடறேன். அதை நினைச்சா எனக்கு வெக்கமா இருக்கு."

சாயந்திரம் என் கணவர் மூர்த்தி கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். அவர் வீடுகளுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் மாட்டுகிறவர். எதையும் நிதானமாகக் கேட்பவர். தோசைக்கல்லை அணைத்துவிட்டு, திரையில் பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுங்க. ஏதோ ஒண்ணு ஒட்டலைன்னு தெரியும். அது இதுன்னு தெரியாது."

"எழுதப் போறியா?"

"பன்னெண்டு பேருங்க. நாந்தான் ஒவ்வொருத்தர்கிட்டயும் இல்லைன்னு சொல்லி அனுப்புனேன்."

தட்டை நகர்த்தி வைத்தார். "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. நம்ம கல்யாணத்துல நீ இருந்தியா?"

பதினெட்டு வருடத்தில் யாரும் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. யோசித்துத்தான் சொன்னேன். "இருந்தனுங்க. இனியா பொறந்தப்பவும் இருந்தேன். உங்களுக்கு டைபாய்டு வந்தப்பவும் நாந்தான் இருந்தேன்."

அவர் தலையாட்டினார். சட்டையை மாட்டிக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த நாளும் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எழுதாமல் விட்டால் என்ன என்று ஒரு நூறு முறையாவது நினைத்திருப்பேன். படத்தை அழித்துவிட்டால் போதும், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, ஒரு பன்னிரண்டு பேரைத் தவிர.

மூன்றாம் நாள் காலையில் எழுதினேன். இரண்டே வரி. 'பெண்களுக்கான அடிப்படை ஆளாக ஆறு வருடம் இருந்த எனது உள்ளுடல் பெண்ணுடையது அல்ல. மெஷினில் கோளாறு எதுவும் இல்லை.' கீழே பெயர், பணி எண், தேதி. பதிவேட்டில் தினமும் போடும் அதே கையெழுத்துதான் வந்தது.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது பூட்டுத் திறந்திருந்தது. மூர்த்தி சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்தார். துணி மாற்ற உள்ளே போனேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே எப்போதும் போல உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைந்தேன். எதுவும் இடிக்கவில்லை. பீரோவை அரையடி தள்ளி வைத்திருந்தார். பதினெட்டு வருடம் அது நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. நான் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு வந்து காபி குடித்தேன்.

இனியாவிடம் ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன். "அப்போ நான் உன்னை அம்மான்னு கூப்பிடலாமா கூடாதா?" என்று கேட்டாள். கூப்பிடாமல் இருந்தால் அடிப்பேன் என்றேன்.

மருத்துவமனையிலேயே நாற்பது பெண்களைத் திரட்டிப் புதிய அடிப்படை எடுத்தோம். நர்சுகள், துப்புரவு அக்காமார்கள், கேன்டீனில் இட்லி ஊற்றுகிறவர், டாக்டர் ஜெசிந்தா. பழைய பன்னிரண்டு பேரின் பதிவுகளையும் அதோடு ஒப்பிட்டதில் பன்னிரண்டிலும் வெளிச்சம் வந்தது. நானே ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, இல்லை என்று சொன்ன அதே வாயால் உண்டு என்று சொன்னேன். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, பிறகு நன்றி சொன்னார். ஒருவர் இப்போது பெங்களூரில் இருக்கிறார், இனிமேல் வேண்டாம் என்றார். ஒருவருடைய எண் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. வாரத்துக்கு ஒருமுறை அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். நிறுத்துவதாக இல்லை.

பரிதிக்குப் பதினைந்தாம் தேதியே ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்த பிறகு பார்க்க வந்தார். படியேறி வந்தும் மூச்சு வாங்கவில்லை. அதைக் காட்டத்தான் லிஃப்டில் வராமல் படியேறினாராம்.

"இனிமே உங்களை எப்படிக் கூப்பிடறதுங்க?" என்று கேட்டார்.

"தெரியல தம்பி. அதுக்கு எந்தச் சந்தேகமும் இல்ல," என்று மெஷினைக் காட்டினேன். "சந்தேகமெல்லாம் எனக்குத்தான். நாப்பத்துமூணு வருசம் ஆச்சு, கொஞ்சம் மெதுவா வரட்டும். அதுவரைக்கும் அக்கான்னே இருக்கட்டும்."

சென்ற மாதக் கடைசியில் சொக்கண்ணன் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, வேட்டி கொடுத்து அனுப்பினோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு டாக்டர் ஜெசிந்தா பதிவேட்டோடு என் முன்னால் வந்து நின்றார். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஆண்கள் பக்கம் அடிப்படை ஆள் இல்ல, ரேணுகா. நாப்பது பேரைச் சேக்கணும், ரெண்டு மாசமாவது ஆகும். வெளியில பதினாலு பேர் காத்திட்டிருக்காங்க." கொஞ்சம் தயங்கினார். "அந்த நாலு இடமும் சொக்கலிங்கத்தோட அச்சா ஒத்துப் போகுது. வயிறு கணக்குல வராது. வாரியத்துகிட்டயும் எழுத்துல அனுமதி வாங்கிட்டேன். உனக்குச் சம்மதம்னா... தற்காலிகமாத்தான்."

"எத்தனை வருசத் தற்காலிகமுங்க டாக்டர்?" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறிப் படுத்தேன். நான்கு நிமிடம். வளையம் முனகியது. எழுந்து போய்ப் பார்த்தேன். நேற்றைய சொக்கண்ணனிலிருந்து இன்றைய என்னைக் கழித்தும் திரை கறுப்பாக இருந்தது. பதிவேட்டில் புதுப் பக்கம், 'ஆண்' என்று தலைப்பு, அதன் கீழே என் பெயரை டாக்டர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த காலிக் கட்டத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் ஆளை உள்ளே வரச் சொன்னேன்.